வழியில் வளர்ந்த படிகங்கள்

ஒரு தடவை சரியாக வந்த சோதனை திரும்பச் செய்தால் வரவில்லை என்று சொல்லிக்கொண்டு யாராவது உங்கள் மேசைக்கு வந்தால், எங்கே தப்பு செய்தாய் என்று உடனே கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வியை அவர் தனக்குத் தானே பல தடவை கேட்டுக்கொண்டு, பதில் கிடைக்காமல்தான் உங்களிடம் வந்திருப்பார். காலையில் என்ன செய்தாய், அப்புறம் என்ன செய்தாய் என்று கேளுங்கள். கதை கேட்கிற மாதிரி கேளுங்கள். முப்பது வருடத்துக்கு மேல் வேதியியல் கற்றுக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவளுக்கு, உங்களிடம் சொல்லிவிட்டுப் போக இது ஒன்றுதான் உருப்படியாக இருக்கிறது. இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. கோவளத்தில் ஒரு வீட்டு வாசலில், அழுது முகம் வீங்கியிருந்த ஒரு பெண்ணோடு உட்கார்ந்திருந்தபோது கற்றுக்கொண்டேன்.

அவள் பெயர் கஸ்தூரி. தொண்ணூறுகளின் நடுவில், தாம்பரத்தில் நான் வேலை பார்த்த கல்லூரியில் என்னிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் கடலுக்குப் போகிற குடும்பம். அப்பா இல்லை. அண்ணன் படகில் போவான், அம்மா மீன் விற்பாள். கஸ்தூரி விடிந்ததும் கேளம்பாக்கம் வழியாக வரும் பஸ்ஸைப் பிடித்து, எல்லோருக்கும் முன்னால் வந்து லேப் கதவருகே நிற்பாள். அதிகம் பேச மாட்டாள். பேசினால் ஒவ்வொரு சொல்லையும் தேய்த்துக் கழுவி எடுத்து வைப்பது போலப் பேசுவாள். ஊர்ப் பேச்சு வாய் தவறிக்கூட வந்துவிடக் கூடாது என்ற கவனம் அதில் தெரியும்.

நீங்கள் இப்போது நானோ படிகம் என்று சர்வ சாதாரணமாகச் சொல்கிறீர்கள். எங்களுக்கு அந்தச் சொல் அவ்வளவு பழக்கமில்லை, கொலாய்டு என்றுதான் சொல்வோம். காட்மியம் சல்ஃபைடு ஒரு குறைக்கடத்தி. கடையில் வாங்கினால் நல்ல மஞ்சள் பொடி. அதையே தண்ணீருக்குள் மிக மிகச் சிறிய துகளாக உருவாக்கினால் மஞ்சள் போய்விடும், தண்ணீர் மாதிரியே இருக்கும். துகள் வளர வளர நிறம் திரும்பி வரும். ஒரே பொருள், அளவு மட்டும்தான் வேறு. வெளிநாட்டுப் பத்திரிகைகளில் இதைப் படித்தபோது, நாமும் செய்து பார்க்கலாம் என்று எனக்கு ஆசை வந்தது. நம்மிடம் பெரிய கருவிகள் இல்லை. ஆனால் காட்மியம் உப்பு இருக்கிறது, துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பாலிபாஸ்பேட் இருக்கிறது, ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு எந்தக் கல்லூரி லேபிலும் கிடைக்கும். பொறுமையான ஆள் ஒருத்தர் வேண்டும். அது கஸ்தூரி.

சில மாதங்களில் அவள் செய்துவிட்டாள். ஒரு நாள் காலை என்னை இருட்டறைக்குக் கூட்டிப்போய்க் குடுவையைக் காட்டினாள். நிறமே இல்லை. புற ஊதா விளக்கைப் பக்கத்தில் கொண்டுபோனதும் குடுவை முழுக்க மங்கலாக ஒளிர்ந்தது.

ஆனால் கண்ணால் பார்த்தேன் என்று ஆய்வறிக்கையில் எழுத முடியாது. எந்த நிற ஒளியைக் கரைசல் விழுங்குகிறது என்று கருவியில் அளந்து, வரைபடமாகக் காட்ட வேண்டும். அப்படி நம்பி அளக்கக்கூடிய கருவி எங்கள் கல்லூரியில் இல்லை. ரயிலில் போய்க் கிண்டியில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்துப் போனால், நகரத்தில் ஒரு பெரிய நிறுவனத்தில் இருந்தது. அங்கே கருவி அறைக்குள் யாரையும் விட மாட்டார்கள். ஜன்னலில் மாதிரியைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஆபரேட்டர் அளந்து வரைபடத்தை எடுத்து வைப்பார், மாதிரியைக் கொட்டிவிடுவார். வெளிச்சம் பட்டால் காட்மியம் சல்ஃபைடு கெட்டுப்போகும் என்பதால் கஸ்தூரி பழுப்புக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, மேலே கறுப்புக் காகிதம் சுற்றி, பைக்குள் வைத்துக் கொண்டுபோவாள்.

முதல் வரைபடம் வந்தது. சாதாரண மஞ்சள் காட்மியம் சல்ஃபைடுக்கு எப்படி வருமோ, ஏறக்குறைய அப்படி. ஏதோ தவறு என்று மறுபடி செய்தாள். இரண்டாவது கொஞ்சம் தேவலாம். மூன்றாவது முதலாவதைவிட மோசம். மூன்றும் மூன்று விதம். ஒவ்வொரு தடவையும் இங்கே தாம்பரத்தில் குடுவை தெளிந்த தண்ணீராக ஒளிர்ந்ததை நானும் பார்த்திருக்கிறேன்.

அவளுடைய உதவித்தொகையைத் தொடர்வதா என்று முடிவு செய்ய ஒரு குழு கூடியது. வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. அதிர்ந்து பேச மாட்டார், எதையும் முழுசாகப் படிக்காமல் வர மாட்டார். கஸ்தூரி பேசி முடித்து நின்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மேடம், கரைசல்ல நிறம் இல்லன்னா துகள் சின்னதா இருக்குன்னு சொல்றீங்க. துகளே உருவாகலன்னாலும் நிறம் இருக்காதே. லேட்டா உருவாகி, சாதாரணமான பெரிய துகளா வந்திருக்கலாம் இல்லையா?"

"ஒளிருது சார். நானே பார்த்தேன்."

"கொஞ்சம் அழுக்கு இருந்தாக்கூட ஒளிரும். உங்க லேப்ல மட்டும் நடக்குது, வெளியே கொண்டுவந்தா நடக்கலன்னா அதை நான் எப்படி எடுத்துக்கிறது? பார்த்ததைச் சொல்றாங்களா, பார்க்கணும்னு நினைச்சதைச் சொல்றாங்களான்னு எனக்குத் தெரியல. அடுத்த கூட்டத்துக்குள்ள சரி பண்ணுங்க. இல்ல, வேற தலைப்புக்கு மாத்திடுங்க. வருஷம் வீணாகாது."

கேள்வி நியாயமானது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். ஆனால் அதைக் கேட்டபோது கஸ்தூரி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். தன்னைப் பற்றி, தன் முன்னாலேயே, வேறு யாரிடமோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், "வரேன் மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் லேபுக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை.

அவர்கள் வீட்டில் போன் கிடையாது. அந்த வாரக் கடைசியில் செம்பாக்கத்தில் என் வீட்டிலிருந்து தாம்பரம் வந்து, கோவளம் பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் என்ன சொல்லி அவளைக் கூட்டிவருவது என்று யோசித்துக்கொண்டே போனேன். தலைப்பை மாற்றிக்கொள்ளலாம், உலோகம் அரிப்பது பற்றி ஒரு சுலபமான வேலை இருக்கிறது, முடித்துவிடலாம் என்று சொல்வதாகத்தான் எண்ணம். உண்மையைச் சொன்னால், அந்தத் துகள்களை நான் மனதளவில் கைவிட்டிருந்தேன்.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே மீன் விற்கிற இடத்தில் அவள் அம்மாவைக் கண்டுபிடித்துவிட்டேன். கஸ்தூரியின் அதே நெற்றி. நான் யார் என்று சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"காலேஜ் மேடமா? இன்னாத்துக்கு இம்மாந்தூரம் வந்துகினு. சொல்லி அனுப்பிச்சிருந்தா நாங்களே வந்திருப்போமே."

"கஸ்தூரி எங்கம்மா?"

"வூட்லதான் கீது. வெளியவே வர்ல. சோறும் சரியா துன்றதில்ல. எவனாச்சும் எதுனா சொன்னானான்னு கேட்டா, அதெல்லாம் ஒண்ணுமில்லன்னுது." கொஞ்சம் தயங்கிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மேடம், ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. எம் பொண்ணு அங்க எதுனா தப்பு பண்ணிடுச்சா?"

"இல்லம்மா. ஒரு தப்பும் பண்ணல."

"அது போதும்" என்றாள். கூடையைப் பக்கத்தில் இருந்தவளிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

கஸ்தூரி என்னைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். அவள் வாசல்படியில் உட்கார்ந்தாள். நான் நாற்காலியை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

"கேளம்பாக்கத்துல ஒரு ஸ்கூல்ல வரச் சொல்லியிருக்காங்க மேடம். போயிடலாம்னு இருக்கேன்."

அரிப்பு பற்றிய சுலபமான வேலை என் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்ல முடியவில்லை. அதைச் சொன்னால், அந்தப் பேராசிரியர் நினைத்ததையே நானும் நினைக்கிறேன் என்று ஆகிவிடும். வேறு என்ன பேசுவது என்றும் தெரியவில்லை. சும்மா இருக்க முடியாமல்தான் கேட்டேன்.

"சரி, போ. போறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு சொல்லு. முதல் தடவை பாட்டிலை எடுத்துக்கிட்டுப் போனியே, அன்னைக்கு என்னென்ன நடந்துச்சு? லேப்பை விட்டுக் கிளம்பினதுலேருந்து சொல்லு."

"சாதாரணமாத்தான் போனேன் மேடம். பல்லாவரத்துல சிக்னல் கிடைக்காம ட்ரெயின் நின்னுடுச்சு. போய்ச் சேர்றப்போ சாப்பாட்டு நேரம், ஜன்னலை மூடிட்டாங்க. திறக்கிற வரைக்கும் வெளியே நின்னு, அப்புறமா குடுத்தேன்."

"கிளம்பறதுக்கு முன்னாடி மீதிக் கரைசலை என்ன பண்ணினே?"

"கொட்டிக் கழுவிட்டேன். வாயு நாத்தம் பக்கத்து கிளாஸுக்குப் போகுதுன்னு கம்ப்ளெயின்ட் வந்துச்சே, உடனே கழுவிடணும்னு நீங்கதான் சொன்னீங்க."

நான்தான் சொன்னேன். "ரெண்டாவது தடவை?"

"அன்னைக்கு ஃபிசிக்ஸ் சார் கிண்டி வரைக்கும் அவர் கார்ல கூட்டிட்டுப் போனார். நேரா போய்ட்டேன். அங்கேயும் கூட்டம் இல்ல, உடனே வாங்கிக்கிட்டாங்க."

"மூணாவது?"

"அது பொங்கலுக்கு முன்னாடி. ட்ரெயின்ல ஏறவே முடியல, பாட்டில் உடைஞ்சிடும்னு பயமா இருந்துச்சு. பஸ்ல போனேன். ஜிஎஸ்டி ரோடு பூரா ஊருக்குப் போற கூட்டம். குரோம்பேட்டைலயே வண்டி நகரல. அன்னைக்குப் பாதி நாள் பஸ்லயே..."

பேச்சு அங்கே நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை. எதிரே உலர்ந்துகொண்டிருந்த வலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையை லேசாக உயர்த்தினாள். தன் ஆசிரியையைப் பேசாமல் இருக்கச் சொல்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை.

"மேடம், ரெண்டாவது தடவைதான் கொஞ்சமாச்சும் நல்லா வந்துது."

"ஆமா."

"பஸ்ல மாட்டிக்கினு கெடந்தன்னிக்குத்தான் ரொம்ப மோசம்."

"ஆமா."

"அது வழியிலயே வளந்துகினு வருது மேடம். நான் சும்மா பாட்டில மடில வச்சிகினு குந்தியிருந்தேன். அது உள்ளாற வளந்துகினே இருந்துகீது."

அத்தனை மாதத்தில் அவள் என்னிடம் தன் வீட்டுப் பேச்சில் பேசியது அன்றுதான். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த அம்மாவுக்கு என்ன விஷயம் என்று புரியவில்லை. ஆனால் மகள் குரல் மாறிவிட்டது புரிந்தது. அடுப்பில் எதையோ ஏற்றி வைக்கப் போய்விட்டாள்.

உங்களுக்கு இதெல்லாம் பாடத்திலேயே வந்துவிடுகிறது. கரைசலில் முதலில் சட்டென்று எண்ணற்ற விதைகள் உருவாகின்றன. அப்புறம் அவை வளர்கின்றன. உப்பு தீர்ந்த பிறகும் வளர்ச்சி நிற்பதில்லை. மிகச் சின்னத் துகள்கள் மெதுவாகக் கரைகின்றன, கரைந்தது போய்ப் பெரிய துகள்களின் மேல் படிகிறது. சின்னவை குறைந்துகொண்டே வரும், பெரியவை பெருத்துக்கொண்டே போகும். எங்களுக்கும் தெரியும். நான் கரும்பலகையில் படம் போட்டே நடத்தியிருக்கிறேன். ஆனால் பாலிபாஸ்பேட் பிடித்து வைத்துக்கொள்ளும், வாரக்கணக்கில் ஒன்றும் ஆகாது என்று நினைத்தோம். பாட்டிலின் மூடியைத் திருகியதோடு சோதனை முடிந்தது, மீதி வெறும் பயணம் என்று நினைத்தோம். பழுப்பு பாட்டிலுக்குள் நிறம் மாறுவதை யாரும் பார்க்க முடியாது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஊற்றியவருக்கு, அது முதலில் எப்படி இருந்தது என்று தெரியாது. இந்தப் பக்கம் மிச்சத்தைக் கழுவிக் கொட்டிவிட்டோம். துகள்கள் எல்லோருக்கும் எதிரிலேயே வளர்ந்தன, ஆனால் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அந்தப் பேராசிரியருக்கு ஒரு எஸ்டிடி பூத்திலிருந்து போன் செய்தேன். முழுசாகக் கேட்டார்.

"நல்ல யோசனை மேடம். ஆனா யோசனைதான். காட்டினா ஒத்துக்கிறேன்."

"அந்தக் கருவிகிட்டேயே வச்சுச் செஞ்சு காட்டறோம் சார். நீங்க வரணும்."

"வரேன்" என்றார். எங்களை அறைக்குள் விடவும் அவரே பேசி அனுமதி வாங்கினார்.

கருவி அறைக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கொண்டுபோக முடியாது. நாற்றம் மட்டுமில்லை, அந்த வாயு ஆபத்தானது. அளவு மிஞ்சினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றம் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டு அங்கேயே நிற்பவர் விழுந்துவிடுவார். கஸ்தூரிதான் வழி கண்டுபிடித்தாள். வாயுவுக்குப் பதில் சோடியம் சல்ஃபைடு கரைசல். காட்மியம் ஒரு பாட்டிலில், சல்ஃபைடு ஒரு பாட்டிலில், தனித்தனியாகக் கொண்டுபோகலாம். ரயில் எங்கே எவ்வளவு நேரம் நின்றாலும் கவலையில்லை, இன்னும் எதுவும் பிறக்கவே இல்லையே. அங்கே போய் இரண்டையும் கலக்கலாம். தாம்பரத்தில் பலமுறை செய்து பார்த்தாள். வாயுவில் செய்தது போல அவ்வளவு சுத்தமாக இல்லை, ஆனால் வந்தது. இந்த முறை மிச்சத்தைக் கொட்டாமல் ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி வைத்துப் பார்த்தோம். மதியத்துக்குள் மஞ்சள் ஏறியது.

அன்று ரயிலில் நானும் போனேன். கருவி அறை வாசலில் ஆபரேட்டர் எங்களை நிறுத்தினார். நடுத்தர வயது, நெற்றியில் திருநீறு. அந்தக் கருவியை அவரைத் தவிர யாரும் தொட்டதில்லை.

"கேஸ் எதுவும் இல்லல்ல மேடம்? போன வாட்டி ஒருத்தர் எதையோ கொண்டாந்து, ரூம் பூரா நாத்தம். மூணு நாள் பேஜாராப் போச்சு. மெஷினுக்கு எதுனா ஆனா என் தலையிலதான் விடியும்."

"கேஸ் இல்ல அண்ணா. ரெண்டும் தண்ணி மாதிரிதான். நீங்களே பாருங்க" என்று கஸ்தூரி இரண்டு பாட்டில்களையும் நீட்டினாள். அவர் மோந்து பார்க்காமல் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார். பேராசிரியர் ஏற்கெனவே உள்ளே ஒரு ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

கஸ்தூரி கலந்தாள். தெளிந்த கரைசலைச் சின்னக் குவார்ட்ஸ் குடுவையில் ஊற்றி உள்ளே வைத்தார் ஆபரேட்டர். வரைபடம் போடும் பேனா காகிதத்தில் நகரத் தொடங்கியது. சிவப்பிலிருந்து ஊதாவை நோக்கிப் போகும், கரைசல் ஒளியை விழுங்குகிற இடத்தில் மேலே ஏறும். சிவப்பில் ஒன்றும் இல்லை, கோடு தரையோடு போனது. பச்சையில் ஒன்றும் இல்லை. நீலத்திலும் இல்லை. சாதாரண மஞ்சள் துகளாக இருந்தால் இந்நேரம் பேனா மேலே ஏறியிருக்க வேண்டும். இனி ஊதாவில் ஏறினால் நாங்கள் சொன்னது சரி. அங்கேயும் ஏறாவிட்டால் துகளே உருவாகவில்லை, பேராசிரியர் சொன்னது சரி.

பேனா ஊதாவுக்குள் நுழைகிற நேரத்தில் கரண்ட் போனது.

ஏசி நின்ற சத்தம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. தரையோடு போன ஒரு கோடு மட்டும் காகிதத்தில் இருந்தது. அதை வைத்து இரண்டு பேரில் யார் சொன்னது சரி என்றும் சொல்ல முடியாது.

கரண்ட் வந்தது, மறுபடி போனது, மறுபடி வந்தது. கருவிக்குள் இருக்கும் விளக்கு நிதானத்துக்கு வரும் வரை கருவியைத் தொட விட மாட்டேன் என்று ஆபரேட்டர் சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரிதான். ஆனால் நாங்கள் காத்திருக்கும் அந்த நேரமெல்லாம் குடுவைக்குள் துகள்கள் வளர்ந்துகொண்டிருக்கின்றன. இன்னும் ஒரே ஒரு தடவை கலக்கத்தான் சல்ஃபைடு இருந்தது. அதை வைத்திருக்க வைத்திருக்கக் கெட்டுப்போகும் என்பதால் அளவாகத்தான் கொண்டுவந்திருந்தாள்.

நான் அவள் காதருகே சொன்னேன். "விளக்கு ரெடியானதும் இதைக் கொட்டிட்டுப் புதுசா கலந்துடு. முதல்ல நல்லதைக் காட்டிடலாம்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "வேணாம் மேடம். கரண்ட் இன்னும் ஆடிக்கிட்டே இருக்கு. கடைசியா இருக்கறதைக் கலந்து, மறுபடி போயிடுச்சுன்னா நம்மகிட்ட ஒண்ணுமே இருக்காது. இது எங்கே போகப் போகுது? வளரத்தானே போகுது. வளர்றதையே காட்டுவோம்."

"அவர் மஞ்சளைத்தான் பார்ப்பார், கஸ்தூரி. பழையபடி அதே கதை ஆகிடும்."

"ஒரு தடவை பார்த்தா மஞ்சள்தான். திரும்பத் திரும்பப் பார்த்தா நகர்றது தெரியும் மேடம்."

நான் வற்புறுத்தியிருந்தால் கேட்டிருப்பாள். அந்த நேரத்தில் என் மனது முழுக்க ஒரு நல்ல வரைபடம் வேண்டும், ஒரே ஒரு நல்ல வரைபடம் வேண்டும் என்றுதான் துடித்துக்கொண்டிருந்தது. ஆனால் மடியில் பாட்டிலை வைத்துக்கொண்டு போனவள் அவள். அதை என்னைவிட அவளுக்குத்தான் தெரியும். நான் பின்னால் தள்ளி, சுவரோடு போய் நின்றுகொண்டேன். என் பணிக்காலத்தில் நெருக்கடியான நேரத்தில் நான் எடுத்த நல்ல முடிவு எது என்று கேட்டால், அப்படித் தள்ளி நின்றதைத்தான் சொல்வேன்.

விளக்கு நிதானத்துக்கு வந்தது. அதே குடுவை. பேனா இந்த முறை ஊதாவுக்கு முன்பே, நீலத்திலேயே ஏறியது. பேராசிரியர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கஸ்தூரி ஆபரேட்டரிடம், "அண்ணா, பேப்பரை மாத்தாம, இது மேலேயே இன்னொரு தடவை ஓட்டுவீங்களா?" என்றாள். அவர் காகிதத்தைப் பின்னுக்கு உருட்டினார். கொஞ்சம் பொறுத்து மறுபடி ஓட்டினார். இரண்டாவது கோடு முதல் கோட்டுக்கு வலப்பக்கம், பச்சையை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்து ஏறியது. மறுபடி பொறுத்து, மறுபடி ஓட்டினார். மூன்றாவது இன்னும் தள்ளி. ஒன்றுக்கொன்று கொஞ்சம் இடம் விட்டு, ஒரே சாய்வில், கோடுகள் வரிசையாக வந்து சேர்ந்தன.

சுவரோரம் நின்றிருந்த பேராசிரியர் எப்போது பேனாவுக்குப் பக்கத்தில் வந்தார் என்று நான் கவனிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேப்பரை எடுத்துடாதீங்க" என்றார் ஆபரேட்டரிடம். அப்புறம் கஸ்தூரியிடம், "மிச்சம் வச்சிருக்கறதை இப்ப கலக்கலாம்னு தோணுது. நீ என்ன நினைக்கிறே?" என்றார்.

"இப்ப கலக்கலாம் சார்."

கரண்ட் போகவில்லை. பேனா சிவப்பைத் தாண்டி, பச்சையைத் தாண்டி, நீலத்தைத் தாண்டித் தரையோடு போனது. ஊதாவுக்குள் நுழைந்ததும் செங்குத்தாக ஏறியது. மற்ற எல்லாக் கோடுகளுக்கும் இடப்பக்கத்தில் தனியாக நின்றது அந்தக் கோடு. ஆபரேட்டர்தான் முதலில் பேசினார். "இது என்னா மேடம், ஒரே தண்ணி, கோடு மட்டும் நடந்துகினே போவுது." எல்லோரும் சிரித்துவிட்டோம், பேராசிரியரும்தான்.

அவர் அதன்பின் என்னோடு பேசவே இல்லை. கஸ்தூரியோடுதான் பேசிக்கொண்டிருந்தார். குளிரில் வைத்தால் எப்படி வளரும், பாலிபாஸ்பேட்டைக் கூட்டினால் என்ன ஆகும், வெயில் காலத்துக்கும் மழைக் காலத்துக்கும் வித்தியாசம் இருந்ததா. அவள் தெரிந்ததற்குப் பதில் சொன்னாள், தெரியாததற்குத் தெரியாது என்றாள். கிளம்பும்போது அவர் சொன்னார்.

"அன்னைக்கு நான் கேட்ட கேள்வி தப்பு இல்லம்மா. இன்னைக்கும் அதையேதான் கேப்பேன். ஆனா உன்கிட்ட கேட்டிருக்கணும். உன் மேடத்துகிட்ட கேட்டேன். அது தப்பு."

கஸ்தூரி தலையை ஆட்டினாள்.

தலைப்பை மாற்ற வேண்டியிருக்கவில்லை. அதே தலைப்பில் ஒரு சொல்லை மட்டும் சேர்த்தோம், 'வளர்ச்சி' என்று. நாங்கள் எதைத் தொந்தரவு என்று நினைத்தோமோ, அதுவே அவளுடைய ஆராய்ச்சி ஆனது. பின்னாளில் அந்த வளர்ச்சியை நிறுத்தவும் அவள் கற்றுக்கொண்டாள். அதெல்லாம் அவள் எழுதிய கட்டுரைகளில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். அன்று சாயங்காலம் நடந்தது எந்தக் கட்டுரையிலும் இல்லை.

கிண்டியில் ரயில் ஏறும்போது உட்கார இடம் கிடைத்தது. அவள் ஜன்னலோரம், நான் பக்கத்தில். பரங்கிமலை தாண்டியதும் ஏதோ கேட்க அவள் பக்கம் திரும்பினேன். தூங்கிப் போயிருந்தாள். எத்தனை நாள் தூக்கமோ, தெரியவில்லை. பல்லாவரத்தில் கூட்டம் ஏறியபோது அவள் தலை என் தோளில் சாய்ந்தது. காலிப் பாட்டில்கள் இருந்த பையை அவள் மடியிலிருந்து எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். தாம்பரத்தில் எல்லோரும் இறங்கினார்கள், பெட்டி காலியானது. எழுப்ப வேண்டும் என்று கையைத் தூக்கினேன், மனசு வரவில்லை. அதே ரயிலில் பீச் ஸ்டேஷன் பக்கம் திரும்பிப் போகிற கூட்டம் ஏறி எங்களைச் சுற்றி உட்காரத் தொடங்கியது. ஒரு அம்மா எதிரே உட்கார்ந்து, "பொண்ணா?" என்று கேட்டார்.

"என் கூட வேலை பார்க்கிறாங்க" என்றேன்.